வேலை நாள் இரவுக்கு கிரில் சிக்கன் ரைஸ் பவுல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கிண்ணத்தில் சூடான சோறு. அதன்மேல் கிரில் செய்த சிக்கன், இனிப்பும் உப்பும் கலந்த பளபளப்பான சாஸ், ஓரத்தில் கொஞ்சம் காய். ஜப்பான், கொரியா, வியட்நாம், தாய்லாந்து என்று ஆசியாவின் பல நாடுகளில் இந்தச் சேர்க்கை ஏதோ ஒரு வடிவில் உண்டு. வேலை முடிந்து வந்து, முக்கால் மணி நேரத்துக்குள் சாப்பிட உட்கார வேண்டும் என்கிற நாளுக்கு இது நன்றாகக் கைகொடுக்கும். இதைச் செய்யத் தொடங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். அவற்றில் பாதிக்கு மேல் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: சாஸை எப்போது தடவுவது?

நான்கு பேருக்கு என்னென்ன வேண்டும்? முதலில் அளவைச் சொல்லுங்கள்.

எலும்பு நீக்கிய தொடைக்கறி 700 கிராம், அரிசி 2 கப்.

சிக்கனில் பிசற: சோயா சாஸ் 1 மேசைக்கரண்டி, துருவிய இஞ்சி 1 தேக்கரண்டி, நசுக்கிய பூண்டு 2 பல், எண்ணெய் 1 மேசைக்கரண்டி, கொஞ்சம் மிளகுத்தூள். இதில் சர்க்கரை கிடையாது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

மேலே தடவவும் ஊற்றவும் சாஸ்: சோயா சாஸ் 4 மேசைக்கரண்டி, தண்ணீர் 4 மேசைக்கரண்டி, மிரின் (ஜப்பானிய இனிப்பு அரிசி மது, மாற்று கீழே) 3 மேசைக்கரண்டி, சர்க்கரை ஒன்றரை மேசைக்கரண்டி, ஒரு துண்டு இஞ்சி, கெட்டியாக்க ஒன்றரைத் தேக்கரண்டி சோள மாவு.

பக்கத்தில் வைக்க ஒரு வெள்ளரிக்காய், ஒரு கேரட், ஒரு கட்டு கீரை. தூவ வெங்காயத்தாளும் வறுத்த எள்ளும். இவ்வளவுதான். ஆளுக்கு ஒரு முட்டை சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்கும், கட்டாயம் இல்லை.

வேலையை எந்த வரிசையில் செய்தால் நேரத்துக்கு முடியும்?

அரிசியிலிருந்து தொடங்குங்கள். வீட்டுக்குள் வந்ததும் அரிசியைக் கழுவி ஊறப் போட்டுவிட்டு உடை மாற்றப் போகலாம். திரும்பி வந்து வெள்ளரியை நறுக்கி உப்பிட்டு, கேரட்டைத் துருவி எடுத்து வையுங்கள். பிறகு அரிசியை அடுப்பில் ஏற்றி, சிக்கனில் மசாலா பிசறி வையுங்கள். அது ஊறும் நேரத்தில் சாஸைக் காய்ச்சி இறக்கிவிடலாம். சோறு முக்கால் பதம் வெந்த பிறகு கிரில்லைச் சூடாக்கினால் போதும். சிக்கன் வேகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம், அப்புறம் ஐந்து நிமிட ஓய்வு. சோறும் அதற்குள் தம்மில் அடங்கியிருக்கும்.

சிக்கனை முதலில் முடித்துவிட்டு சோற்றுக்காகக் காத்திருந்தால் எல்லாம் கெட்டுவிடும். சோறு மூடிய பாத்திரத்தில் அரை மணி நேரம் சூடு ஆறாமல் இருக்கும். கிரில் சிக்கனுக்கு அந்தப் பொறுமை இல்லை. ஆறினால் சாஸ் இறுகும், தோல் தளர்ந்துவிடும். அதனால் சந்தேகம் வந்தால் சோறு முந்தட்டும், சிக்கன் பிந்தட்டும்.

தொடைக்கறியா, மார்புக்கறியா?

தொடைக்கறி. இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. தொடையில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் அதிகம். சூடு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அந்தத் திசு இளகி ஜெலட்டினாக மாறுகிறது. அதனால் இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக வெந்தாலும் கறி மிருதுவாகவே இருக்கும். களைத்துப்போய்ச் சமைக்கும் இரவில், ஒரு கண் அடுப்பிலும் ஒரு கண் வேறெங்கோவும் இருக்கும்போது, இந்த மன்னிக்கும் குணம் பெரிய உதவி.

மார்புக்கறிதான் பிடிக்கும், அல்லது அதுதான் வீட்டில் இருக்கிறது என்றால் அதுவும் சரிதான். முழுசாகப் போடாதீர்கள். ஒரு பக்கம் தடித்தும் இன்னொரு பக்கம் மெலிந்தும் இருப்பதால் மெலிந்த முனை காய்ந்த பிறகுதான் நடுப்பகுதி வேகும். கத்தியைக் கிடையாக வைத்து இரண்டு தகடாகப் பிளந்து, எங்கும் ஒன்றரை சென்டிமீட்டர் கனம் இருக்கும்படி லேசாகத் தட்டிக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடத்தில் வெந்துவிடும்.

தோலோடு கூடிய தொடைக்கறி கிடைத்தால் தோலை எடுக்காதீர்கள். தோல் பக்கத்தை முதலில் கீழே வைத்து, மிதமான தீயில் ஏழெட்டு நிமிடம் அப்படியே விட்டால் கொழுப்பு உருகி, தோல் மொறுமொறுவென்று ஆகும். பிறகு திருப்பி நான்கைந்து நிமிடம்.

முதல் நாள் இரவே ஊற வைக்க வேண்டுமா?

வேண்டாம். சிக்கன் மெலிதாக இருந்தால் பதினைந்து இருபது நிமிடம் போதும். ஊறும்போது கறிக்குள் ஓரளவு ஆழமாகப் போவது உப்பு மட்டுமே. பூண்டு, இஞ்சி, மிளகின் மணமெல்லாம் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே தங்கிவிடும். ரைஸ் பவுலில் அது குறையே அல்ல, ஏனென்றால் சிக்கனைத் துண்டாக்கி அதன்மேல் சாஸ் ஊற்றித்தான் சாப்பிடப் போகிறோம்.

காலையிலேயே பிசறி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போவது உங்களுக்கு வசதி என்றால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் அதில் பச்சை அன்னாசிச் சாறு, கிவி, பப்பாளி சேர்க்காதீர்கள். இவற்றில் புரதத்தை உடைக்கும் நொதிகள் உண்டு. அரை மணி நேரத்துக்கு இவை கறியை மிருதுவாக்கும், எட்டு மணி நேரத்தில் மேற்பரப்பு கூழாகிவிடும். பச்சை இஞ்சியிலும் அதே வகை நொதி இருக்கிறது என்பதால் நாள் முழுக்க ஊறுவதற்கு இஞ்சியைக் குறைத்துக்கொள்வது நல்லது. டின்னில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடாக்கப்பட்டது, அதில் இந்தப் பிரச்சினை இல்லை. எலுமிச்சைச் சாறும் நீண்ட ஊறலுக்கு ஆகாது. கறியின் மேற்பரப்பை வெளிறச் செய்து, வெந்ததும் சுண்ணாம்பு போல வறட்சியாக்கிவிடும். பரிமாறும்போது பிழிந்துகொள்ளுங்கள்.

சாஸ் ஏன் கருகிப் போகிறது? வெளியே கறுத்துவிடுகிறது, உள்ளே வேகவில்லை.

இந்தப் பக்கத்தில் நிதானமாகப் படிக்க வேண்டிய பதில் இதுதான்.

டெரியாகி, அதாவது மேலே அளவு சொன்ன சோயா, மிரின், சர்க்கரை சேர்ந்த ஜப்பானிய சாஸ் போன்றவற்றில் சர்க்கரை நிறைய இருக்கிறது. சர்க்கரை ஏறத்தாழ 160 முதல் 170 டிகிரி செல்சியஸில் உருகி நிறம் மாறத் தொடங்கும், அதற்கு மேல் வேகமாகக் கருகிக் கசக்கும். தேனில் ஃபிரக்டோஸ் இருப்பதால் அது இன்னும் சீக்கிரம் நிறம் மாறும். நன்றாகச் சூடேறிய கிரில்லின் மேற்பரப்போ 200 டிகிரியைத் தாண்டி இருக்கும். அப்படியானால் இனிப்புச் சாஸில் முக்கிய சிக்கனை அப்படியே அதன்மேல் போட்டால் என்ன ஆகும்? கறி வேகப் பத்து நிமிடம் வேண்டும், சர்க்கரை கருக இரண்டு மூன்று நிமிடம் போதும். தீயைக் குறைத்தால் கருகாது, ஆனால் கறி தண்ணீர் விட்டு அவிந்துபோகும், கிரில் வாசனை வராது. இந்த இரண்டுக்கும் நடுவில் சரியான தீ என்று ஒன்றைத் தேடிக் கிடைக்காது.

அதனால்தான் சிக்கனில் பிசறுவதில் சர்க்கரையே வேண்டாம் என்றேன். முதலில் சோயா சாஸும் பூண்டும் மட்டும் பிசறிய சிக்கனை ஏறக்குறைய முழுசாக வேகவிடுங்கள். இரண்டு பக்கமும் பொன்னிறமாகி, உள்ளே இன்னும் இரண்டு நிமிட வேலைதான் பாக்கி என்ற நிலையில் தீயைக் குறைத்து, காய்ச்சிய சாஸைத் தூரிகையால் ஒரு பக்கம் தடவுங்கள். திருப்புங்கள். முப்பது நொடி. மறுபக்கம் தடவித் திருப்புங்கள். இப்படி இரண்டு மூன்று சுற்று.

இந்த நேரத்தில் கண்ணை வேறெங்கும் எடுக்க வேண்டாம். முதல் சுற்றில் சாஸ் நீர்த்து வழியும், சீறலோடு ஆவி எழும். இரண்டாம் சுற்றில் குமிழ்கள் பெரிதாகி, மெதுவாக உடையும். மூன்றாம் சுற்றில் குமிழ்கள் சிறுத்து நெருக்கமாகும், சீறல் தணியும், கறியின் மேல் அரக்கு நிறத்தில் ஒரு மெல்லிய படலம் பிடித்துக்கொள்ளும். அதுவரை சோயா வாசனை தூக்கலாக இருந்த இடத்தில் இனிப்பான, லேசாகச் சுட்ட மணம் வரும். அந்தக் கணத்தில் இறக்கிவிட வேண்டும். இன்னும் ஒரு நிமிடம் விட்டால் கசப்பு ஏறிவிடும்.

ஜப்பானின் யாகிடோரிக் கடைகளிலும் முறை இதுதான். குச்சியில் கோத்த சிக்கனை முதலில் கரி நெருப்பில் வாட்டி, முக்கால் பங்கு வெந்த பிறகுதான் 'தாரே' என்ற இனிப்பு சாஸில் முக்கி எடுப்பார்கள். மறுபடி வாட்டுவார்கள், மறுபடி முக்குவார்கள்.

சிக்கன் ஊறிய சாற்றையே காய்ச்சி சாஸாக ஊற்றலாமா?

பச்சைக் கறி கிடந்த சாறு அது. நன்றாகக் கொதிக்க வைத்தால் ஆபத்து போய்விடும், ஆனால் கறியின் புரதம் திரிந்து சாஸ் கலங்கலாகும். சாஸைத் தனியாகச் செய்வதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகிறது. தனியாகவே செய்யுங்கள்.

தடவுவதிலும் ஒரு கவனம் வேண்டும். காய்ச்சிய சாஸை முதலிலேயே இரண்டு கிண்ணமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று தூரிகைக்கு, மற்றது சோற்றின் மேல் ஊற்ற. முழுசாக வேகாத கறியில் பட்ட தூரிகை ஊற்றும் சாஸைத் தொடக் கூடாது.

சாஸை எப்படிக் காய்ச்சுவது? எனக்கு ஒன்று தண்ணீராக இருக்கிறது, இல்லையென்றால் பசையாகிவிடுகிறது.

சோயா, தண்ணீர், மிரின், சர்க்கரை, நசுக்கிய இஞ்சித் துண்டு எல்லாவற்றையும் சிறிய பாத்திரத்தில் கொதிக்க விடுங்கள். மூன்று நிமிடம் கொதித்ததும் தீயைக் குறைத்து, இரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த தண்ணீரில் கரைத்த சோள மாவைக் கிளறிக்கொண்டே ஊற்றுங்கள். மாவு கொதி கண்டால்தான் கெட்டியாகும், பச்சை வாசனையும் போகும். ஒரு நிமிடம் கொதித்தால் போதும். கரண்டியின் பின்பக்கத்தில் மெல்லிய படலமாகப் படிந்து, விரலால் ஒரு கோடு இழுத்தால் கோடு நிற்க வேண்டும். அந்தப் பதத்தில் நிறுத்திவிடுங்கள். ஆறும்போது இன்னும் கொஞ்சம் இறுகும் என்பதை மறந்துவிட்டுக் கூடுதல் மாவு சேர்ப்பதால்தான் பசையாகிறது. இறுகிவிட்டால் ஒரு கரண்டி வெந்நீர் விட்டுக் கலக்கினால் சரியாகும்.

மிரின் கிடைக்கவில்லை. வீட்டில் மது சேர்ப்பதும் இல்லை.

மிரின் என்பது ஜப்பானிய இனிப்பு அரிசி மது. அசல் மிரினில் சுமார் 14 சதவீத ஆல்கஹால் உண்டு. கொதித்தால் பெரும்பகுதி போய்விடும், முழுசாகப் போய்விடும் என்று சொல்ல முடியாது. தவிர்க்க வேண்டும் என்றால் மூன்று மேசைக்கரண்டி மிரினுக்குப் பதிலாக இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி அரிசி வினிகர் சேருங்கள். மணத்தில் சின்ன வித்தியாசம் இருக்கும், பளபளப்பில் குறையாது.

சோயா சாஸ் பாட்டில்களில் லைட், டார்க் என்று போட்டிருக்கிறதே, எது?

இந்த அளவுகளுக்கு ஜப்பானிய சாதாரண சோயா சாஸ் அல்லது சீன லைட் சோயா சாஸ். லைட் என்றால் உப்பு குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். அது நிறத்தில் மெலிந்தது, உப்பில் கூடியது. டார்க் கெட்டியாகவும் கறுப்பாகவும் லேசான இனிப்போடும் இருக்கும். நிறத்துக்காக ஒரு தேக்கரண்டி சேர்க்கலாம், மொத்தத்தையும் அதில் செய்தால் கிண்ணமே கறுத்துவிடும்.

உப்பைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மேலே சொன்ன அளவில் ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்று மேலே வரும், அதாவது நாள் அளவில் பாதிக்கு மேல். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் உப்பு குறைத்த சோயா சாஸை வாங்குங்கள், சோற்றில் உப்பு போடாதீர்கள், சாஸை ஊற்றாமல் பக்கத்தில் கிண்ணத்தில் வையுங்கள். தொட்டுச் சாப்பிடும்போது பாதிதான் செலவாகும்.

கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒரு வார்த்தை: சாதாரண சோயா சாஸில் கோதுமை உண்டு. தமாரி என்ற வகை பெரும்பாலும் கோதுமை இல்லாமல் வருகிறது. ஆனாலும் லேபிளைப் படித்துவிட்டே வாங்குங்கள்.

வீட்டில் கிரில் இல்லை. என்ன செய்வது?

கனமான இரும்பு வாணலி அல்லது வரி வரியாக மேடு வைத்த கிரில் பேன் இருந்தால் போதும். நன்றாகச் சூடாக்கி, எண்ணெயைச் சட்டியில் ஊற்றாமல் சிக்கனின் மேல் தடவிப் போடுங்கள், புகை குறையும். தோல் இல்லாத தொடைக்கறிக்குப் பக்கத்துக்கு ஐந்தாறு நிமிடம். துண்டுகளை நெருக்கிப் போட்டால் ஆவியிலேயே வெந்து நிறம் பிடிக்காது. இரண்டு தவணையாகப் போடுவதே மேல்.

ஓவனில் மேல் சூடு மட்டும் வரும் கிரில் அமைப்பு இருந்தால் அதுவும் அருமையாக வரும். தட்டு சூட்டுக் கம்பியிலிருந்து ஒரு சாண் கீழே இருக்கட்டும், பக்கத்துக்கு ஆறேழு நிமிடம். ஏர் ஃபிரையரில் 200 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பி, கடைசி மூன்று நிமிடத்தில் சாஸ். எதில் செய்தாலும் சாஸ் கடைசியில்தான்.

கரி அடுப்பு வைத்திருப்பவர்கள் கரியை ஒரு பக்கமாக ஒதுக்குங்கள். கனல் உள்ள பக்கத்தில் நிறம் பிடிக்க வைத்து, கனல் இல்லாத பக்கத்துக்கு நகர்த்தி வேகவிட்டு, சாஸையும் அங்கேயே தடவலாம்.

சிக்கன் சட்டியில் ஒட்டிக்கொள்கிறது, திருப்பினால் பிய்கிறது.

ஈரத்தோடு போட்டிருப்பீர்கள், அல்லது அவசரப்பட்டுத் திருப்பியிருப்பீர்கள். ஊறிய சிக்கனை எடுத்ததும் சாறு சொட்டச் சொட்டப் போடாமல், காகிதத் துண்டால் ஒற்றிவிட்டுப் போடுங்கள். போட்ட பிறகு நான்கு நிமிடம் தொடாதீர்கள். மேல் ஓடு உருவானதும் கறி தானாகவே விட்டுக்கொடுக்கும். இடுக்கியால் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கும்போது வரவில்லை என்றால் இன்னும் நேரம் ஆகவில்லை என்று அர்த்தம்.

வெந்துவிட்டது என்று எப்படி நிச்சயமாகத் தெரிந்துகொள்வது?

தெர்மாமீட்டர். கறியின் தடித்த இடத்தில் குத்தினால் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். அமெரிக்க வேளாண் துறை கோழிக்கறிக்குச் சொல்லும் பாதுகாப்பான அளவு அது. தொடைக்கறியை 80 வரை விடுங்கள், சுவை கூடும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் மிகத் தடித்த துண்டை நடுவில் வெட்டிப் பாருங்கள். கண்ணாடி போன்ற இளஞ்சிவப்பு எங்கும் தெரியக் கூடாது, நார் நாராகப் பிரிய வேண்டும். எப்படியும் நறுக்கித்தான் பரிமாறப் போகிறோம் என்பதால் வெட்டிப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

பச்சைச் சிக்கனைக் குழாயடியில் கழுவுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். கிருமியைக் கொல்வது சூடு. கழுவும்போது தெறிக்கும் தண்ணீர், பக்கத்தில் இருக்கும் வெள்ளரிக்காய்க்கும் கத்திக்கும் கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இந்தச் சமையலில் வெள்ளரியைப் பச்சையாகவே சாப்பிடுகிறோம் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்: காய்களை முதலில் நறுக்கி எடுத்து வைத்துவிட்டு, சிக்கனைப் பிறகு பலகைக்குக் கொண்டுவாருங்கள்.

எந்த அரிசி? தண்ணீர் எவ்வளவு?

ஜப்பானிய, கொரிய ருசிக்குக் குட்டை அரிசி. லேசாக ஒட்டும் தன்மை இருப்பதால் சாஸைத் தாங்கும், குச்சியில் எடுக்கவும் வரும். மூன்று நான்கு தண்ணீரில் கழுவி, இருபது நிமிடம் ஊற வைத்து, ஒரு கப்புக்குக் கப்பும் அதற்கு மேல் ஒரு சிறங்கையுமாகத் தண்ணீர் வைத்தால் போதும். கொதி வந்ததும் மூடி, மிகச் சிறிய தீயில் 12 நிமிடம். அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் மூடியைத் திறக்காதீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் அடியிலும் மேலேயும் ஈரம் ஒரே சீராகப் பரவும்.

வியட்நாமிய, தாய்லாந்து ருசிக்கு மல்லிகை அரிசி (ஜாஸ்மின் ரைஸ்). ஒரு கப்புக்கு ஒன்றேகால் கப் தண்ணீர்.

வீட்டில் இருக்கும் வேறு எந்த அரிசியிலும் செய்யலாம். உதிர் உதிராக வரும் நீள அரிசி என்றால் சாஸ் அடியில் இறங்கிவிடும், அதனால் சாஸைச் சற்றுக் கெட்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போதும் டெரியாகி ருசிதானா? வேறு என்ன செய்யலாம்?

கொரியப் பக்கம் போக: கோச்சுஜாங் 2 மேசைக்கரண்டி, சோயா 2, தேன் 1, தண்ணீர் 3, நசுக்கிய பூண்டு, ஒரு தேக்கரண்டி வினிகர். கோச்சுஜாங் என்பது மிளகாய்ப் பொடி, பசையரிசி, சோயா பீன்ஸ் எல்லாம் சேர்த்துப் புளிக்க வைத்த விழுது. காரம், இனிப்பு, உப்பு மூன்றும் அதிலேயே இருக்கிறது. ஏற்கெனவே கெட்டி என்பதால் சோள மாவு வேண்டாம். இதுவும் சீக்கிரம் கருகும், கடைசி இரண்டு நிமிடத்தில் தடவுங்கள். பக்கத்தில் கிம்ச்சி (காரம் சேர்த்துப் புளிக்க வைத்த கொரியக் காய்) இருந்தால் வேறு காயே தேவையில்லை.

வியட்நாம் பக்கம் போவது எனக்கு இன்னும் பிடிக்கும், குறிப்பாகப் புழுக்கமான இரவுகளில். எலுமிச்சைப் புல்லின் வெளி மட்டைகளை உரித்துவிட்டு, அடிப்பக்கத்து வெள்ளைத் தண்டை மட்டும் மிகப் பொடியாக நறுக்குங்கள். பெரிதாக இருந்தால் நார் வாயில் நிற்கும், கிரில்லிலும் கருகும். அதோடு ஃபிஷ் சாஸ் (மீனை உப்பிட்டுப் புளிக்க வைத்து எடுக்கும் சாறு) 2 மேசைக்கரண்டி, பூண்டு, மிளகு, எண்ணெய், ஒரு தேக்கரண்டி சர்க்கரை. இவ்வளவு குறைந்த சர்க்கரை நிறம் பிடிக்க உதவும், கருக விடாது. இந்த வகையில் மேலே பளபளப்புப் பூச்சு கிடையாது. அதற்குப் பதிலாக மேலே ஊற்ற நுவோக் சாம் என்ற சாஸ்: ஃபிஷ் சாஸ், சர்க்கரை, எலுமிச்சைச் சாறு மூன்றும் சம அளவு, வெந்நீர் அதைப்போல மூன்று பங்கு, பொடியாக நறுக்கிய பூண்டும் மிளகாயும். சர்க்கரையை வெந்நீரில் கரைத்து ஆறவிட்டு, எலுமிச்சையைக் கடைசியில் சேருங்கள். மல்லிகை அரிசிச் சோறு, வெள்ளரி, புதினா, கொத்தமல்லி, மேலே நொறுக்கிய வறுத்த வேர்க்கடலை.

ஒரே கிண்ணத்தில் கோச்சுஜாங்கும் டெரியாகியும் ஃபிஷ் சாஸும் சேர்க்க ஆசை வரும். சேர்க்காதீர்கள். ஒவ்வொன்றும் தன் பக்கம் இழுக்கிற வலுவான ருசி. ஒரு இரவுக்கு ஒரு நாட்டுச் சமையல் போதும்.

எள் எண்ணெயை எப்போது சேர்ப்பது?

இறக்கிய பிறகு, ஆளுக்கு நான்கைந்து சொட்டு. கிழக்காசியச் சமையலில் இதற்குப் பயன்படுவது வறுத்த எள்ளில் எடுக்கும், பழுப்பு நிற, மணம் மிகுந்த எண்ணெய். வறுக்காத எள்ளில் ஆட்டும் நல்லெண்ணெய் வேறு, அதைச் சமைக்க வைத்துக்கொள்ளுங்கள். வறுத்த எள் எண்ணெயைச் சூடான சட்டியில் விட்டால் அந்த மணம்தான் முதலில் போகும்.

காய்கறிக்கு என்ன வைக்கலாம்? அதிகம் மெனக்கெட முடியாது.

ஒன்று புளிப்பாக இருக்க வேண்டும், ஒன்று பச்சை நிறத்தில் இருக்க வேண்டும். அதற்கு மேல் உங்கள் விருப்பம்.

புளிப்புக்கு வெள்ளரி. மெல்லிய வில்லைகளாக நறுக்கி அரைத் தேக்கரண்டி உப்பு போட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் விட்டிருக்கும், பிழிந்து ஊற்றிவிட்டு ஒரு மேசைக்கரண்டி வினிகர், ஒரு தேக்கரண்டி சர்க்கரை, எள். பிழியாமல் விட்டால் அந்தத் தண்ணீர் சோற்றில் இறங்கி சாஸைக் கெடுக்கும். பச்சைக்குக் கீரையைக் கொதிநீரில் அரை நிமிடம் போட்டெடுத்து, ஒட்டப் பிழிந்து, கொஞ்சம் சோயாவும் எள் எண்ணெயும். கேரட்டைத் துருவினால் போதும். புரோக்கோலி, மக்காச்சோளம், குடைமிளகாய் எதுவும் சிக்கன் வெந்த அதே கிரில்லில், அதன் கொழுப்பிலேயே இரண்டு நிமிடம் வாட்டிக்கொள்ளலாம்.

வீட்டில் சைவம் சாப்பிடுபவரும் இருக்கிறார். இரண்டு சமையல் செய்ய வேண்டுமா?

வேண்டாம். கெட்டி டோஃபுவை (சோயா பன்னீர்) இரண்டு சென்டிமீட்டர் தகடாக வெட்டி, துணியில் சுற்றிக் கனம் வைத்துக் கால் மணி நேரம் பிழியவிடுங்கள். எண்ணெய் தடவிப் பக்கத்துக்கு நான்கு நிமிடம் வாட்டி, அதே டெரியாகி சாஸைத் தடவலாம். அதில் கறி எதுவும் இல்லை. டோஃபுவை முதலில் முடித்துவிட்டு அதே சட்டியில் பிறகு சிக்கன் போடுங்கள். இடுக்கியும் தூரிகையும் தனித்தனியாக இருக்கட்டும். பெரிய காளானும் நன்றாக இருக்கும். கோச்சுஜாங் வகைக்கும் இது பொருந்தும், ஃபிஷ் சாஸ் வகைக்குப் பொருந்தாது.

மிச்சத்தை மறுநாள் மதியத்துக்கு எடுத்துப் போகலாமா?

போகலாம், சோற்றில் மட்டும் கவனமாக இருந்தால். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சமையல் சூட்டிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் வெளியே இருந்தால் அவை முளைத்து நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அதனால் சாப்பிட்டு முடித்ததும் மிச்சச் சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஒரு நாளுக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது பிரிட்டன் உணவுத் தர முகமையின் அறிவுரை. வெந்த சிக்கன் மூன்று நான்கு நாள் தாங்கும், சாஸ் ஒரு வாரம் வரை தாங்கும். வெள்ளரியைத் தனி டப்பாவில் எடுத்துப் போங்கள். சோற்றைச் சூடாக்கும்போது ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து மூடிச் சூடாக்கினால் பழையபடி மிருதுவாகும், ஆவி பறக்கும் வரை சூடாக்குங்கள்.

மொத்தமாகப் பிசறி ஃப்ரீசரில் வைக்கலாமா?

தாராளமாக. எலுமிச்சை இல்லாத பிசறல் என்பதால் கறியின் மேற்பரப்பு கெடாது. ஒரு வேளைக்கு ஒரு பை, தட்டையாக அமுக்கிக் காற்றை வெளியேற்றி உறைய வையுங்கள். தட்டையாக இருந்தால் சீக்கிரம் உருகும். சமைக்கும் நாளுக்கு முந்தின இரவு ஃப்ரிட்ஜுக்கு மாற்றினால் மாலையில் தயாராக இருக்கும். மறந்துவிட்டால் பையோடு குளிர்ந்த தண்ணீரில் போட்டு, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். சமையல் மேடையில் அப்படியே வைத்து உருக்காதீர்கள்.

குழந்தைகளுக்குக் காரம் ஆகாதே?

டெரியாகி சாஸில் காரமே இல்லை. பெரியவர்கள் கிண்ணத்தில் மிளகாய் எண்ணெயோ மிளகாய்ப் பொடியோ தூவிக்கொள்ளலாம்.

கிண்ணத்தில் எப்படி எடுத்து வைப்பது?

இறக்கிய சிக்கனை ஐந்து நிமிடம் விட்டு, நாருக்குக் குறுக்கே ஒரு விரல் அகலத் துண்டுகளாக நறுக்குங்கள். ஓய்வு கொடுக்காமல் நறுக்கினால் சாறு பலகையிலேயே வழிந்துவிடும். அப்படியும் வழிந்ததைச் சாஸில் சேர்த்து ஒரு கொதி விடுங்கள், வீணாக்க வேண்டாம். சோற்றை அமுக்காமல் தளர்வாகப் போட்டு, முதலில் ஒரு கரண்டி சாஸை சோற்றின் மேல் விடுங்கள். அப்புறம் சிக்கன், அதன்மேல் இன்னும் கொஞ்சம் சாஸ். சோற்றுக்குத் தனியாக விடாவிட்டால் மேலே இருப்பதெல்லாம் தீர்ந்து, அடியில் வெறும் சோறு மிஞ்சும். காய்களை ஒரு ஓரமாக வைத்து, வெங்காயத்தாளும் எள்ளும் தூவிச் சூட்டோடு கொடுத்துவிடுங்கள்.